குறைமாதப் பிள்ளையின் குடலும் அடிபட்ட பிள்ளையின் வயிறும்: இரண்டையும் ஏன் ஒருவரே ஆராய்கிறார்கள்?

ஒட்டுசுட்டான்_தாய் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் முப்பதாவது கிழமையில் பிறந்தவன். நிறை 1,250 கிராம். பதினேழாம் நாள் காலையில் அவனைப் பார்க்கப் போனபோது வயிறு வேறு மாதிரி இருந்தது. முதல் நாள் சுருங்கிக் கிடந்த தோல் இறுகி மினுங்கியது, நீல நரம்புகள் தெரிந்தன. மூக்குக் குழாயால் இழுத்துப் பார்த்த தாதிக்குப் பச்சையாக வந்தது. அவர் ஒன்றும் கதைக்காமல் டொக்டரிடம் ஓடினார். அன்றைக்குத்தான் 'நெக்' (NEC) என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். குறைமாதப் பிள்ளைகளின் குடல் அழற்சியால் அழுகிப்போகிற வருத்தமாம். பாலை நிறுத்தினார்கள், மருந்து ஏற்றினார்கள், திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள். பிள்ளை தப்பிவிட்டான். இப்போது ஏழு மாதம், குப்புறப் புரளுகிறான்.

அவன் நித்திரையான பிறகு இந்த வருத்தத்தைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறேன். இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் இந்தக் குடல் வருத்தத்தையும், விபத்தில் அடிபட்ட பிள்ளைகளையும் சேர்த்தே ஆராய்கிறார்கள். ஒன்றரைக் கிலோ இல்லாத சிசுவுக்கும் மோட்டார் சைக்கிளில் அடிபட்ட பிள்ளைக்கும் என்ன தொடர்பு?

மற்றது, முதல் நாலு நாள் எனக்குப் பால் வரவில்லை. பால்மாதான் கொடுத்தார்கள். அதனால்தான் வந்ததா? வீட்டில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை.

வவுனியா_தாதி எழுதியது:

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தேன், கூடின காலம் குறைமாதப் பிள்ளைகளோடு. இந்தக் கேள்வியைக் கேட்காத தாயை நான் கண்டதில்லை.

உண்மையை மறைக்கமாட்டேன். 1990இல் லூக்காஸ், கோல் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் 926 குறைமாதப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பால்மா மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களை விட ஆறு முதல் பத்து மடங்கு கூடுதலாக இந்த வருத்தம் வந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் தாய்ப்பால் பக்கம்தான் நிற்கின்றன. அதற்காக உங்கள் பால்மாதான் வருத்தத்தைக் கொண்டுவந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைக்கும் நெக் வந்து நானே பார்த்திருக்கிறேன். பால்மா குடித்த பிள்ளைகளிலும் கூடப்பேருக்கு வருவதில்லை. 1,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிற வருத்தம் இது. முதல் காரணம் பிள்ளை முந்திப் பிறந்தது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஆனால் 'பால் வரவில்லை' என்றீர்களே, அது எனக்குக் கவலை. முந்திப் பிறந்த பிள்ளையின் தாய்க்குப் பால் தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் கையால் பீச்சத் தொடங்க வேண்டும். இரவும் சேர்த்து நாளுக்கு எட்டுத் தடவை. முதல் நாள் ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் தேன் நிறத்தில் மூன்று சொட்டு வரும். "இவ்வளவுதானா மிஸ்?" என்று தாய்மார் அழுவார்கள். அந்த மூன்று சொட்டைப் பிள்ளையின் கன்னத்து உள்பக்கம் தடவுவோம். அதை ஒருவர் கட்டில் பக்கத்தில் இருந்து உங்களுக்குக் காட்டித் தந்திருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் பிழை உங்களுடையது இல்லை.

கனகராயன்_ஆறு எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்துவிட்டு இப்போது சத்திரசிகிச்சை வாட்டில் வேலை பழகுகிறேன். ஊர் மாங்குளம் பக்கம். முதல் கேள்விக்கு எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான இடம் குடலின் உள்தோல். ஒரே ஒரு அடுக்குக் கலங்கள்தான் அங்கே வேலி. அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பக்டீரியா, இந்தப் பக்கம் இரத்தம். குறைமாதப் பிள்ளையில் அந்த வேலி இன்னும் கட்டி முடியவில்லை. அடிபட்டு நிறைய இரத்தம் போன பிள்ளையில் வேலி சரியாகத்தான் இருந்தது, ஆனால் உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகக் குடலுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. பிறகு சேலைன், இரத்தம் எல்லாம் ஏற்றி ஓட்டம் திரும்பும்போது, பட்டினி கிடந்த உள்தோல் உரிந்து போகிறது. இரண்டிலும் வேலி திறந்துவிடுகிறது, அழற்சி உடம்பு முழுக்கப் போகிறது.

அமெரிக்காவில் கெயில் பெஸ்னர் என்ற சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணரின் குழு எச்பி-ஈஜிஎஃப் என்ற ஒரு வளர்ச்சிக் காரணியை நெடுங்காலம் ஆராய்ந்தது. அது கருப்பையின் நீரிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. நெக் வரவைத்த எலிக் குட்டிகளிலும், இரத்தம் இழந்த எலிகளிலும் அது குடலின் உள்தோலைக் காத்தது. நீங்கள் கேட்ட தொடர்புக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் டேவிட் ஹக்கம் குழு இன்னொரு கதவைத் திறந்தது. டிஎல்ஆர்4 என்று ஒரு உணரி. கருவில் குடல் வளரும்போது அது நிறைய இருக்கும், அங்கே அதற்கு வேறு வேலை. பிள்ளை முந்திப் பிறந்து குடலில் பக்டீரியா குடியேறியதும் அதே உணரி அவற்றை எதிரியாகப் பிடித்துக்கொள்கிறது. உள்தோல் கலங்கள் இறக்கின்றன, குடலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகள் அந்த உணரியை அடக்குகின்றன என்று ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். மிஸ் சொன்ன மூன்று சொட்டுக்குள் இருப்பது இதுதான்.

முறிகண்டி எழுதியது:

கனடாவில் இருக்கிற என் மச்சாளின் பிள்ளைக்கு அங்கே ஆஸ்பத்திரியில் ஏதோ நல்ல பக்டீரியாச் சொட்டு மருந்து கொடுத்தார்களாம், நெக் வராமல் இருக்க. இங்கே கொடுப்பதாகத் தெரியவில்லை. வாங்கி அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கலாமே?

கனகராயன்_ஆறு எழுதியது:

அண்ணா, உங்கள் மனம் நல்ல மனம். ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புரோபயோட்டிக் பற்றிப் பல ஆய்வுகள் சேர்ந்து நெக் குறைகிறது என்றே காட்டுகின்றன, உண்மைதான். ஆனால் எந்த வகைப் பக்டீரியா, எவ்வளவு, எந்த நிறைப் பிள்ளைக்கு என்பதில் இன்னும் இழுபறி. உயிருள்ள பக்டீரியாவை உள்ளே விடுகிறோம். வேலி கட்டி முடியாத பிள்ளையில் அது இரத்தத்துக்குள் போகலாம். 2023இல் அப்படி ஒரு குறைமாதப் பிள்ளை இறந்த பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பகிரங்கமாக எச்சரித்தது.

எங்களுக்குக் கிட்ட நடந்த பெரிய ஆய்வு ஒடிசாவில். 2017இல் வெளிவந்தது. 4,556 பிள்ளைகள், கிராமத்து வீடுகளில். கிருமித்தொற்றும் இறப்பும் சேர்த்து 9 வீதத்தில் இருந்து 5.4 வீதமாக இறங்கியது. பெரிய வெற்றி. ஆனால் அவர்கள் எல்லோரும் இரண்டு கிலோவும் அதற்கு மேலும் இருந்த பிள்ளைகள். அக்காவின் மகனைப் போன்ற பிள்ளைக்கு அந்தக் கணக்கைத் தூக்கிப் போட முடியாது. கடையில் வாங்கும் போத்தல் வேண்டாம், கொடுப்பதென்றால் வாட்டில் டொக்டர்தான் முடிவெடுக்க வேண்டும்.

வவுனியா_தாதி எழுதியது:

தம்பி சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். கோரோசனை, சர்க்கரைத் தண்ணி, ஓமத் தண்ணி ஒன்றும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் வேண்டாம். அம்மம்மாமாரோடு சண்டை பிடிக்காமல், "டொக்டர் ஏசுவார் அம்மா" என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு, பாலைக் கூட்டினால் நெக் வரும் என்று பயந்து சொட்டுச் சொட்டாகவே வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2019இல் 2,804 பிள்ளைகளை வைத்து பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பார்த்தார்கள். நாளுக்குக் கிலோவுக்கு 18 மில்லிலீற்றர் கூட்டினாலும் 30 கூட்டினாலும் நெக் வருவதில் வித்தியாசம் இல்லை. பாலைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஒரு விடயம் கேட்க மறந்துவிட்டேன். மகன் வீட்டுக்கு வந்த பிறகு வயிறு ஊதவில்லையா? மருந்தால் மாறிய பிள்ளைகளிலும் கொஞ்சப் பேருக்குக் குடல் ஆறின இடத்தில் தழும்பு விழுந்து ஒடுங்கிப்போகும். சில கிழமைக்குப் பிறகுதான் தெரியவரும்.

ஒட்டுசுட்டான்_தாய் எழுதியது:

ஊதியது மிஸ். நான் அதை எழுதாமல் விட்டேன், அந்த இரவை நினைக்கவே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஐந்தாவது கிழமை. மூன்று நாளாக மலம் போகவில்லை, வயிறு ஊதி ஊதி இறங்கியது. கிட்ட ஒரு இடத்தில் காட்டினோம். காற்று என்றார்கள். பிள்ளைக்கு நெக் வந்தது என்று சொன்னேன், அது மாறிவிட்டதுதானே என்றார்கள். அன்று இரவு பதினொரு மணிக்குப் பச்சையாகச் சத்தி எடுத்தான். வெள்ளைத் துணியில் விழுந்தது, கீரை மசித்த நிறம். அந்த நிறத்தை நான் ஏற்கெனவே கண்டவள். காலை மட்டும் பார்ப்போம் என்று மாமி சொன்னா. நான் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்துவிட்டேன். மாங்குளம் வீதி முழுக்கப் பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தபடி போனேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, பெருங்குடலில் ஒடுங்கிய துண்டை வெட்டி இணைத்தார்கள். என் சின்ன விரலின் பாதி நீளம் என்று டொக்டர் காட்டினார்.

இப்படி வரலாம் என்று வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வரி எழுதித் தந்திருந்தால் முதல் நாளே சண்டை பிடித்திருப்பேன்.

பரந்தன்_சந்தி எழுதியது:

தங்கச்சி எழுதிய பச்சை நிறத்தை வாசித்ததும் எனக்கு நெஞ்சு அடித்தது. எங்கள் வீட்டுக் கதையும் அதே நிறம்தான், ஆனால் பிள்ளைக்கு ஒன்பது வயது.

வாய்க்கால் கட்டால் சைக்கிள் ஓடி விழுந்தான். விழுந்த வேகம் ஒன்றும் பெரிதில்லை. முழங்காலில் சிராய்ப்பு, அதைத்தான் எல்லோரும் பார்த்தோம். சேட்டைக் கழற்றினால் தொப்புளுக்கு மேலே வட்டமாக ஒரு அடையாளம், பழைய இரண்டு ரூபாய்க் குற்றி அளவு. சைக்கிள் கைபிடியின் நுனி. ரப்பர் உறை எப்போதோ கழன்று போனது, வெறும் இரும்புக் குழாய். ஒரு இடத்தில் காட்டினோம், கன்றிப்போயிருக்கிறது, பனடோல் கொடுங்கள் என்றார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் பச்சையாகச் சத்தி. ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் முன்சிறுகுடல் சுவருக்குள் இரத்தம் கட்டி வழியை அடைத்திருந்தது. வெட்டவில்லை. மூக்கால் குழாய் போட்டு, பன்னிரண்டு நாள் வாயால் ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். தானாகக் கரைந்தது.

இப்போது என் கடைக்கு வருகிற சைக்கிளில் உறை இல்லை என்றால் காசு வாங்காமல் போட்டுவிடுகிறேன்.

கனகராயன்_ஆறு எழுதியது:

அண்ணா, நீங்கள் போடுகிற அந்த உறைதான் இந்த இழையிலேயே பெரிய மருத்துவம். வட்ட அடையாளத்தைக் கண்டால் வாட்டில் எங்களுக்கும் இருப்புக் கொள்ளாது. கைபிடி குத்தும்போது முன்சிறுகுடலும் கணையமும் முதுகெலும்போடு நெரிபடுகின்றன. வெளியே பார்த்தால் தோலில் ஒரு வட்டம் மட்டும்.

பிள்ளைகளின் காயத்தைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் உறைத்தவை இரண்டு. பிள்ளையின் விலா எலும்பு பச்சை மூங்கில் மாதிரி, வளையும், முறியாது. அதனால் எலும்பு முறியாமலே உள்ளே நுரையீரலும் ஈரலும் மண்ணீரலும் நசுங்கலாம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று சொன்னால் நிம்மதிப்பட முடியாது. மற்றது இரத்தம். பிள்ளையின் உடம்பில் கிலோவுக்கு 80 மில்லிலீற்றர் அளவு இரத்தம். பதினைந்து கிலோப் பிள்ளைக்கு மொத்தமே 1.2 லீற்றர், ஒரு பெரிய சோடாப் போத்தல் நிரம்பாது. அதில் கால்வாசி போகும் வரைக்கும் பிரஷர் இறங்காமல் இருக்கலாம். நாடி வேகமாக அடிக்கும், கை கால் குளிரும், பிள்ளை பேசாமல் கிடக்கும். கத்தி அழுகிற பிள்ளையை விட அழாமல் படுத்திருக்கிற பிள்ளையை முதலில் பாருங்கள்.

இன்னொன்று. மண்ணீரல் கிழிந்தால் வெட்டி எடுப்பதுதான் முன்பு வழக்கம். அதை எடுத்த சின்னப் பிள்ளைகள் பிறகு கடுமையான கிருமித்தொற்றில் விழுகிறார்கள் என்று 1952இல் எழுதினார்கள். 1968இல் டொரண்டோ சிறுவர் ஆஸ்பத்திரியில் இருந்து, பல பிள்ளைகளை வெட்டாமலே கவனித்து மாற்றலாம் என்று எழுதினார்கள். பெரியவர்களுக்கு அந்தப் புத்தி பிறகுதான் வந்தது. ஆனால் வெட்டாமல் விடுவது என்றால் சும்மா விடுவது இல்லை, பக்கத்திலேயே இருந்து மணிக்கு மணி பார்க்க வேண்டும். தூரத்துக் கிராமத்தில் வீட்டில் வைத்துப் பார்க்கிற விடயம் இல்லை.

நெடுங்கேணி_வயல் எழுதியது:

கட்டுத்துவக்கையும் எழுதுங்கள் தம்பி, காட்டு மிருகம் தட்டினால் தானாக வெடிக்கக் கட்டி வைக்கிற துவக்கு. பன்றிக்குக் கட்டுகிறவர்கள் பன்றியின் உயரத்துக்குக் கட்டுகிறார்கள். அது எனக்கு முழங்கால். விறகு பொறுக்கப் போகிற ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொடை, சில நேரம் அடிவயிறு. எத்தனை தரம் கூட்டத்தில் கதைத்தும் காட்டுக் கரையில் இன்னும் கட்டுகிறார்கள். காயத்தை அழுத்திப் பிடித்தபடி கொண்டு ஓடுங்கள். கோப்பித்தூள் போடாதீர்கள்.

பாலைப்பழம் எழுதியது:

நான் இங்கே எழுதுவதில்லை, வாசிப்பது மட்டும். இன்றைக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது.

2009 தையில் உடையார்கட்டில் எறிகணை விழுந்தபோது எனக்கு எட்டு வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. மாசியில் புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் அம்மாவோடு திருகோணமலைக்குப் போனேன். அதுவரைக்கும் நான் பிழைத்தது யார் யாருடைய கைகளால் என்று எனக்குத் தெரியாது, அந்தக் கைகளைக் கும்பிடுகிறேன்.

நான் கேட்க வந்தது வேறு. பத்து வயதில் வெட்டிய நுனியில் எலும்பு ஈட்டி மாதிரி வளர்ந்து தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. திரும்ப வெட்டினார்கள். பதின்மூன்றில் திரும்ப. பதினாறில் திரும்ப. செயற்கைக் கால் போட்டு நடந்தால் சொக்ஸில் இரத்தம். நான் ஒழுங்காகக் கழுவவில்லை, ஓடித் திரிந்தேன், அதனால்தான் என்று வீட்டில் நினைத்தோம். விளையாட்டை விட்டேன். ஏன் வளர்ந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. எலிகளை எல்லாம் எண்ணுகிறார்கள், எங்களை யார் எண்ணினார்கள்?

கனகராயன்_ஆறு எழுதியது:

அண்ணா, நீங்கள் ஓடியதால் வளரவில்லை. கழுவாததாலும் இல்லை. வளர்கிற பிள்ளையின் எலும்பை நடுவில் வெட்டினால் வெட்டுமுனை தானே புது எலும்பைப் படைபடையாகப் போட்டுக் கூராகும். மேற்கையிலும் காலின் கீழ்ப்பகுதியிலும்தான் கூடுதலாக வரும். பெரியவர்களுக்கு அப்படி வருவதில்லை. அதனால் பிள்ளைகளில், முடிந்தால், எலும்பை அறுக்காமல் மூட்டோடு கழற்றப் பார்ப்பார்கள். குருத்தெலும்பு மூடியிருந்தால் அந்தக் கூர் வருவது அரிது. உங்களுக்கு அந்த நேரத்தில் தெரிவுசெய்ய இடமே இருந்திருக்காது. வளர்ச்சி முடிந்ததும் அது நின்றுவிடும்.

2019இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேவ் த சில்ரனும் சேர்ந்த ஒரு கூட்டு, வெடிகாயப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு கள வழிகாட்டியை வெளியிட்டது. பெரியவர்களுக்கு எழுதியதைச் சின்னதாக்கி பிள்ளைகளுக்குப் போட முடியாது என்பதுதான் அதற்குக் காரணம். உங்களுக்குப் பத்து வருடம் பிந்தி வந்திருக்கிறது.

எண்ணவில்லை என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வாட்டிலும் பிள்ளைகளின் காயங்கள் மற்ற எல்லாவற்றோடும் ஒரே கொப்பியில்தான் இருக்கின்றன. கைபிடியா, கிணறா, மாமரமா, கட்டுத்துவக்கா என்று பிரித்து எழுத ஒரு நிரல் கூட இல்லை.

வவுனியா_தாதி எழுதியது:

நிரல் போட ஒரு அடிமட்டமும் பேனையும் போதும் தம்பி. நான் வேலையில் இருந்த கடைசி ஆறு வருடம் பிள்ளைகள் எத்தனையாம் மணியில் முதல் தாய்ப்பால் எடுத்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எழுதத் தொடங்கிய பிறகு தாய்மாரிடம் நாங்கள் முந்திப் போனோம். அந்தக் கொப்பி வீட்டில் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

ஒட்டுசுட்டான்_தாய் எழுதியது:

மிஸ், நெக் வந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது தாயின் கையில் கொடுக்க ஒரு துண்டுத்தாள் எழுதித் தருவீர்களா? பச்சைச் சத்தி, ஊதிய வயிறு, இரத்தம் கலந்த மலம், பிள்ளை சோர்ந்து பால் குடிக்காமை, இவ்வளவும் போதும். மேலே 'என் பிள்ளைக்கு முன்பு நெக் வந்தது' என்று பெரிய எழுத்தில். நான் அடித்துப் பிரதி எடுத்து எங்கள் மிட்வைஃப் அக்காவிடம் கொடுக்கிறேன். சிங்களத்தில் ஒரு பக்கமும் வேண்டும், இரவில் வருகிற டொக்டருக்கு.

வவுனியா_தாதி எழுதியது:

இன்று இரவே எழுதி அனுப்புகிறேன் தங்கச்சி. சிங்களப் பக்கத்தை என்னோடு வேலை செய்த ஒருவரிடம் கேட்கிறேன்.

பாலைப்பழம் எழுதியது:

கனகராயன் தம்பி, என்னுடைய பழைய கிளினிக் கார்டுகள் எல்லாம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்று மட்டும் மழையில் ஊறி எழுத்துக் கலைந்துவிட்டது, மற்றவை வாசிக்கலாம். எந்த வயதில் எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன். என்னோடு கால் போட வருகிற இன்னும் மூன்று பேருக்கும் இதே எலும்பு வளர்ந்தது, அவர்களிடமும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாங்குளம் சந்திக்கு வருவேன். நீங்கள் லீவில் நின்றால் சொல்லுங்கள்.